உருண்டை இல்லாத பொறி

நான் வேலை பார்த்த அலுவலகத்துப் பிள்ளைகள் போன மாதம் என்னைத் தேத்தண்ணி குடிக்க வரச் சொல்லியிருந்தார்கள். நடந்து முடிந்த தீ விபத்தைக் கணினிக்குள் மறுபடி எரித்துப் பார்க்கும் மென்பொருள் ஒன்று உண்டு. என் உத்தியோகத்தின் பாதி அதோடுதான் போனது. அதன் புதிய பதிப்பைத் திறந்து காட்டினார்கள். பறக்கும் தீப்பொறிக்கு என்ன வடிவம் என்று இப்போது அதுவே கேட்கிறது. உருண்டையா, குச்சியா, தட்டையா? ஒன்றைத் தொட்டால் சரி.

"அந்தக் காலத்துல இது இல்லாம எப்படி மேடம் சமாளிச்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

சிரித்துவிட்டுக் கேக்கைச் சாப்பிட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. பொறிக்கு என்ன வடிவம் என்ற கேள்வியை யாருமே கேட்காத காலத்தில், ஒரு மனிதரைக் குடும்பத்தோடு தெருவில் விடப் பார்த்தோமே என்ற கோபம். இத்தனை வருடம் கழித்தும் அது ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் படித்த கதை நீளமானதில்லை. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தேன். கணக்கு வந்தது, அதனால் பேராதனைப் பல்கலைக்கழகம் வந்தது. பேராதனையில் பௌதிகம் படித்த பிறகு வேலைதான் வரவில்லை. கடைசியில் ஹட்டன் நகரத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன நிறுவனம் ஒன்று என்னைச் சேர்த்துக்கொண்டது. தேயிலைத் தொழிற்சாலை எரிந்தால், ஏன் எரிந்தது என்று காப்புறுதிக்காரர்களுக்கு எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. தொழிற்சாலையை எங்கள் சனம் ஸ்டோர் என்றுதான் சொல்லும். தொண்ணூறுகள் முழுக்க அளவு நாடாவும் கைக்கணக்கும்தான். இரண்டாயிரம் பிறந்த பிறகு அந்த மென்பொருள் ஒரு குறுந்தட்டில் வந்து இறங்கியது.

எங்கள் பெரியவர் சபாநாதன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், பொறியியலாளர். சட்டையின் மேல் பொத்தான் பூட்டியேதான் இருக்கும். அவர் சத்தம் போட்டு ஒருநாளும் நான் கேட்டதில்லை. சாதாரணமாக என்னை "நீர்" என்பார். கோபம் வந்தால் "நீங்கள்" என்பார். அந்த மரியாதை வந்தால் பயத்தில் கோப்புக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

அவரிடம் ஒரு நடைமுறை இருந்தது. கணினி ஓடி முடியும் நேரம் பார்த்து, திரைக்கு மேல் ஒரு கோடு போட்ட துவாயைப் போட்டு மூடிவிடுவார். உள்ளே என்ன வந்திருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. பிறகு சுவரில் இருந்த கரும்பலகைப் பக்கம் போய்ச் சோக்கட்டியை எடுத்துக்கொண்டு திரும்புவார்.

"இப்ப சொல்லும் பிள்ளை. புகை எந்தப் பக்கம் திரும்பும்? பொறி எங்கை விழும்?"

நாம் வாயால் சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். அதை அப்படியே பலகையில் எழுதிவிட்டுத்தான் துவாயை எடுப்பார். வாயும் கணினியும் ஒத்துப் போனால் அறிக்கையில் கையெழுத்து. ஒத்துப் போகாவிட்டால் இரண்டில் ஒன்று பிழை. எது என்று கண்டுபிடிக்கும் வரை கையெழுத்துக் கிடையாது. "படத்தைப் பாத்தாப் பிறகு எல்லாரும் கெட்டிக்காரர்தான்" என்பார். ஆரம்பத்தில் இதை ஒரு கிறுக்கு என்றுதான் நினைத்தேன். இரண்டு தடவை நான் சொன்னது மண்ணைக் கவ்விய பிறகு நினைப்பை மாற்றிக்கொண்டேன்.

பொறி பறப்பதைக் கணினி எப்படிக் கணக்கிடுகிறது என்று சொன்னால்தான் மீதி விளங்கும். பயப்பட வேண்டாம், சூத்திரம் எழுத மாட்டேன். பொறியின் பாரம் அதைக் கீழே இழுக்கிறது. சுற்றி ஓடும் காற்று அதைத் தன்னோடு பிடித்துக்கொண்டு போகப் பார்க்கிறது. காற்றின் இந்தப் பிடியைத்தான் நாங்கள் இழுவை என்போம். ஒரு கடதாசியைக் கசக்கி எறிந்தால் காலடியில் விழும், அதையே விரித்து விட்டால் வேலியைத் தாண்டும். பாரம் ஒன்றுதான், காற்றுக்குக் காட்டும் முகம் பெரிது, அதனால் பிடியும் பெரிது. கணினி ஒவ்வொரு பொறிக்கும், கண்ணிமைக்கும் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் எங்களிடமிருந்த பதிப்புக்கு எல்லாப் பொறியும் உருண்டை. தீ அணைக்கத் தெளிக்கும் தண்ணீர்த் துளிகளுக்காக முதலில் எழுதப்பட்ட பகுதி அது. வேறு வடிவம் வேண்டுமென்றால் நிரலுக்குள் கையை விட்டுச் சூத்திரத்தையே மாற்ற வேண்டும்.

எங்களுக்கு அப்படியொரு தேவை வந்ததில்லை. எங்களிடம் வந்த தீயெல்லாம் பெரும்பாலும் தேயிலையைச் சலிக்கும் அறையில் பிடித்த தீ. சுருட்டி, உலர்த்தி, சலித்த தூள் ஏறக்குறைய உருண்டைதான். கணக்குக்கும் கண்ணால் கண்டதற்கும் பொருந்தி வந்தது. அதனால் புதிதாக ஒரு ஸ்டோர் எரிந்தால், பழைய கோப்பைப் பிரதி எடுத்து, பெயரையும் சுவர் அளவுகளையும் மட்டும் மாற்றுவோம். பத்தில் ஒன்பது தடவை அது போதும்.

பத்தாவது தடவை, டிக்கோயாப் பக்கம் ஒரு ஸ்டோர் வந்தது.

அங்கே தேயிலை உலர்த்தும் அடுப்பைப் புதுச் செங்கல் வைத்துத் திருத்தியிருந்தார்கள். திருத்திய அடுப்பை மறுபடி மூட்டும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்புக்காரர் வாசலில் கற்பூரம் காட்டுவார். பிறகு அந்தத் தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு மெசினுக்கும் காட்டி, கடைசியாகக் கொழுந்து வாட்டும் மேல்மாடிக்குப் போவார். அங்கே வேலை செய்யும் பெண்கள் தொட்டுக் கும்பிடுவார்கள். அன்றும் அப்படித்தான் நடந்தது. அடுப்புக்காரர் காளிமுத்து தட்டோடு இறங்கி வந்து கொஞ்ச நேரத்தில் மேல்மாடி ஜன்னல் ஓரம் தீ பிடித்தது. கொழுந்து பரப்பும் படங்குகள், அதாவது சணல் விரிப்புகள், ஒவ்வொன்றாக எரிந்தன. எரிந்த படங்கை இரண்டு கையாலும் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தது ஒரு பெண். தீ அடுத்த பக்கம் தாவாமல் நின்றது அவரால்தான். அவர் லெட்சுமி, காளிமுத்துவின் சம்சாரம்.

நாங்கள் போனபோது, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இதுல பாக்க என்ன சேர் இருக்கு? கற்பூரந்தான். நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன், நெருப்ப மேல கொண்டு போகாதீங்கன்னு. கேட்டாத்தானே."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தீ பிடித்த ஜன்னலுக்கு வெளியே, கீழே, அடுப்பின் புகைபோக்கி நின்றது. பொறி வெளியே போகாமல் அதன் வாயில் கம்பி வலை இருக்க வேண்டும். இல்லை. துருப்பிடித்துப் போனதைக் கழற்றியவர்கள் புதியதைப் போடவில்லை. புகைபோக்கிப் பொறி என்றால் பழி நிர்வாகத்துக்கு. கற்பூரம் என்றால் காளிமுத்துவுக்கு. அவருக்கு வேலை போகும், வேலையோடு குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும், பொலிஸில் முறைப்பாடும் எழுதுவார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் விசாரணை அடுத்த வாரம். எங்கள் அறிக்கைதான் அதில் முதல் சாட்சி.

காளிமுத்துவிடம் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் விபூதி, கையில் அடுப்புச் சூட்டுத் தழும்புகள்.

"தட்ட எடுத்துக்கிட்டுப் போனது நெசம் மிஸ். சாமிக்குக் காட்டுனதும் நெசம். அதுக்கு மேல நான் என்னத்த சொல்றது?"

"நீங்க காட்டுனது நடு மாடியில. தீ புடிச்சது ஜன்னல் பக்கம். அதயாவது சொல்லலாம்ல?"

அவர் தலை குனிந்துகொண்டார். எனக்கு எரிச்சல் வந்தது. தனக்காக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதருக்கு நான் எங்கிருந்து பேசுவது?

ஹட்டனுக்குத் திரும்பி வழக்கம் போலப் பழைய கோப்பைப் பிரதி எடுத்து, புகைபோக்கியின் உயரம், ஜன்னல், அன்றைய காற்று எல்லாம் போட்டு ஓட்டினோம். முடிந்தது. சேர் துவாயைப் போட்டார்.

"சொல்லும் பிள்ளை. பொறி எங்கை விழும்?"

"ஜன்னலுக்குள்ள போகும் சேர்."

எழுதினார். துவாயை எடுத்தார். புகைபோக்கியிலிருந்து கிளம்பிய பொறிகள் எல்லாம் கொஞ்சம் எழும்பி, வளைந்து, விறகுக் கொட்டிலின் தகரக் கூரையில் விழுந்திருந்தன. ஒன்றுகூட ஜன்னல் பக்கம் போகவில்லை.

சேர் சோக்கட்டியை வைத்தார். காப்புறுதிக்காரர்கள் காலையிலிருந்து தொலைபேசியில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அடுப்பு எரிவது அவர்களால்தான்.

"இந்த ஒருமுறை கையெழுத்து வைப்பம். நேரமில்லை."

"ஒத்துப் போகாட்டி கையெழுத்து இல்லன்னு சொன்னது நீங்கதானே சேர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் லயத்தில பிறந்தபடியால் அந்த மனுசனுக்காகக் கதைக்கிறியள்."

'நீங்கள்' வந்துவிட்டது. ஆனால் அன்று எனக்குப் பயம் வரவில்லை, முகம் முழுக்க நெருப்பாக எரிந்தது. பத்து வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள் நான். அந்தப் பத்து வருடத்தில் அவர் அப்படியொரு சொல் சொன்னதில்லை.

"ஆமா சேர், லயத்துலதான் பொறந்தேன். அதனாலதான் டர்பன்டைன் மரப்பட்டை அடுப்புல இருந்து எழும்பி அடுத்த லயத்துக் கூரைக்குப் போறத பாத்திருக்கேன். நீங்க பனையோலை எரிச்ச ஊர். எங்க வெறகு ஒங்களுக்குத் தெரியாது."

என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். சேர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"அங்கை என்ன விறகு எரிச்சவை?"

எனக்குத் தெரியவில்லை. நாங்கள் இருவரும் சுவரை அளந்தோம், ஜன்னலை அளந்தோம், விறகைப் பார்க்கவில்லை. சலிக்கும் அறைத் தீயில் விறகுக்கு வேலையில்லை, பழக்கதோஷம். கோப்பைத் திறந்தேன். பொறி என்று நாங்கள் புகைபோக்கியிலிருந்து பறக்கவிட்டது வேறொன்றுமில்லை, தேயிலைத் தூள். பழைய கோப்பின் பாரம், பழைய கோப்பின் உருண்டை.

சேர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "திங்கள் காலமை மட்டும் பொறுக்கச் சொல்லுறன். அதுக்கு மேலை ஏலாது. போய்ப் பாத்துக்கொண்டு வாரும்."

மறுநாள் பஸ் பிடித்துப் போனேன். அடுப்புத் திருத்திய வாரத்தில் பிளந்த விறகு தீர்ந்து போய், மர ஆலையிலிருந்து, தைல மர இனத்து டர்பன்டைன் மரத்தின் வெளிப்பலகைகளை வாங்கிப் போட்டிருந்தார்கள். நாடா நாடாவாகப் பட்டை உரிந்து தொங்கியது. ஒரு பையை நிறைத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் லயத்து வாசலில் லெட்சுமி உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை கட்டு.

"இனிக் கொழுந்து எடுக்க ஏலாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு மிஸ். அதுகூடப் பரவால்ல. அவரு என்கிட்ட பேசுறதில்ல. சோறு ஊட்டி விடுவாரு, ஆனா கையப் பாக்க மாட்டாரு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் ஊட்டுறாரு."

பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அலுவலகத்தில் ஒரு பட்டையை நிறுக்கப் பார்த்தோம். எங்கள் தராசு அசையவே இல்லை. நகைக்கடைக்குப் போய்த் தங்கம் நிறுக்கும் தராசில் வைத்தோம். "என்ன சேர், இப்ப இதுலயும் தாலி செய்றாங்களா?" என்று ஆசாரி கேட்டார். சேர் சிரிக்கவில்லை, பாரத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

பிறகு எங்கள் மேல்மாடி வராந்தாவுக்கு வந்தோம். பட்டப்பகல், கீழே ஹட்டன் கடைத்தெரு. ஒரு கையில் தேயிலைத் தூள், மறு கையில் பட்டை. இரண்டையும் ஒன்றாக விட்டேன். தூள் நேராகத் துணிக்கடை வாசலில் விழுந்தது. பட்டை சுழன்று, படுத்து, மறுபடி சுழன்று, தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கத் தையல் கடைப் பலகையில் போய் உட்கார்ந்தது.

"இன்னொண்டு தாரும்" என்றார் சேர். தானே விட்டார். இன்னொன்று கேட்டார். பிறகு இன்னொன்று. கீழே போன பஸ் கண்டக்டர் அண்ணாந்து பார்த்து, "மேல இருந்து குப்ப கொட்டுறாங்கப்பா!" என்று கத்தினார். மேல் பொத்தான் பூட்டிய சபாநாதன் சேர் கம்பியில் சாய்ந்து, தெருவில் பட்டை போகும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

நிரலுக்குள் கை வைத்தோம். உருண்டைக்கான இழுவைச் சூத்திரத்தை எடுத்துவிட்டு, தட்டையான துண்டுக்கான இழுவையைச் சேர் கையால் எழுதித் தந்தார், நான் தட்டினேன். தூளின் பாரத்தை எடுத்துவிட்டுப் பட்டையின் பாரத்தைப் போட்டோம். வெள்ளிக்கிழமை ஓட விட்டோம். ஞாயிறு பின்னேரம்தான் முடியும். நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் முதலிலிருந்து. முதலிலிருந்து தொடங்க நேரமில்லை.

சனிக்கிழமை மத்தியானமே மழை இருட்டிக்கொண்டு வந்தது. எங்கோ மலைக்குப் பின்னால் இடி. விளக்கு ஒருதடவை மங்கி எழும்பியது. மின்சாரம் போனால் சில நிமிடம் மட்டும் தாங்கும் மின்கலப் பெட்டி கீச்சென்று கத்தியது. ஓடிப்போய் மின்விசிறி, விளக்கு, சேரின் சுடுதண்ணீர்க் கேத்தல் எல்லாவற்றையும் பிடுங்கினேன். இருட்டுக்குள் கணினி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. சேர் மெழுகுதிரி கொளுத்தப் போனார். "வேண்டாம் சேர், நெருப்பு" என்றேன். அந்த மூன்று நாளில் அப்போதுதான் இருவரும் சிரித்தோம். சிரித்து முடியமுன்னே அடுத்த இடி விழுந்தது.

மின்சாரம் போகவில்லை. ஞாயிறு பின்னேரம் கணினி ஓய்ந்தது. சேர் துவாயைப் போட்டார். சோக்கட்டியை எடுத்தார். ஆனால் என்னிடம் கேட்கவில்லை. பழைய எழுத்தை அழித்துவிட்டு, தானே "யன்னல்" என்று எழுதினார்.

"எடும்."

துவாயை எடுத்தேன். பெரும்பாலான பொறிகள் இந்தத் தடவையும் தகரக் கூரையில்தான் விழுந்திருந்தன. ஆனால் கொஞ்சப் பொறிகளைக் காற்று விடவில்லை. புகையோடு எழுப்பி, சுவர் ஓரமாக ஏற்றி, மேல்மாடி ஜன்னலுக்குள் கொண்டுபோய் விட்டிருந்தது. நெருப்புக்கு ஒன்று போதும்.

"சரி" என்றார் சேர். துவாயை மடித்துக்கொண்டே, "அண்டைக்கு நான் சொன்னது பிழை பிள்ளை. விறகை மட்டும் சொல்லேல்லை" என்றார்.

அறிக்கையை எழுதும்போது மறுபடி முட்டிக்கொண்டோம். "தீக்குக் காரணம் புகைபோக்கிப் பொறி" என்று எழுதினேன். சேர் அதை வெட்டி, "புகைபோக்கிப் பொறி காரணமாக இருக்கக் கூடும்" என்று திருத்தினார். பொறி போக முடியும் என்றுதான் கணினி காட்டியது, போனது என்று காட்டவில்லை. கற்பூரத் துண்டு ஒன்று தட்டிலிருந்து விழவில்லை என்பதற்கும் நம்மிடம் சாட்சி இல்லை. நியாயம் அவர் பக்கம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு 'கூடும்' என்று தட்டினேன்.

திங்கட்கிழமை விசாரணையில் அந்தக் 'கூடும்' போதுமாக இருந்தது. டீமேக்கர் கற்பூரக் கதையைத் தொடங்கினார். சேர் அவரை முடிக்க விட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கம்பி வலை எங்கை?" டீமேக்கர் துரையைப் பார்த்தார். துரை ஜன்னலைப் பார்த்தார். காளிமுத்து மேல் நடவடிக்கை இல்லை, நாளையிலிருந்து வேலைக்கு வரலாம் என்று முடிந்தது.

எனக்குத் தலை கால் புரியாத சந்தோஷம். வெளியே ஜீப்புக்குப் பக்கத்தில் காளிமுத்து காத்திருந்தார். அவருக்குப் பின்னால், கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு லெட்சுமி படிக்கட்டில் இருந்தார். வேலை தப்பியதற்குக் காளிமுத்து நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு மேல போறப்ப காத்து அடிச்சிச்சு. தட்டுல இருந்து ஏதாச்சும் பறந்துச்சான்னு எனக்கே தெரியல. ஒங்க மெசின்ல பாத்தீங்களே... அது நான் இல்லதானே?"

எதற்காக அவர் ஒருநாளும் தனக்காகப் பேசவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. லெட்சுமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சேர் ஜீப் கதவைத் திறந்தபடி நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. ஆதாரத்துக்கு மேல் ஒரு சொல் பேசப் பொறுக்காத மனிதர். அவர் என்னைத் தடுக்கவில்லை, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத் தேயிலை மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

'கூடும்' என்ற சொல் அறிக்கையில் இருந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

"பட்டதான் பறந்துச்சு" என்றேன். "நீங்க இல்ல."

காளிமுத்து திரும்பிப் போய், படிக்கட்டில் உட்கார்ந்து, லெட்சுமியின் கைகளைப் பார்த்தார்.